ஒருநாள் மலைநடை: தவறான நேரக் கணக்கு பற்றிய புகார்

பெறுநர்: மேலாளர், மலையேற்றப் பிரிவு

பொருள்: பயணக் கையேட்டைத் திருத்தவும் கட்டணத்தில் பாதியைத் திருப்பித் தரவும் கோருதல்

ஐயா / அம்மையீர்,

உங்கள் காட்டுவழிச் சுற்றுத்தடத்தை முடித்துக் குழு அடிவாரம் வந்து சேர்ந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. யாரும் சுணங்கியதால் வந்த தாமதம் இல்லை இது. கையேட்டில் நீங்கள் போட்ட கணக்கே பிழை.

14 கி.மீ. தூரம், 650 மீட்டர் ஏற்றம், 4 மணி நேரம் என்று அச்சிட்டிருக்கிறீர்கள். 1892இல் ஸ்காட்லாந்து மலையேற்ற வீரர் வில்லியம் நைஸ்மித் நடை நேரத்தைக் கணக்கிட வகுத்த விதியை வைத்துத்தான் இதைக் கணக்கிட்டிருக்க வேண்டும்: 5 கி.மீ.க்கு ஒரு மணி நேரம், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். விதி சரி, அதில் போட்ட எண்தான் தவறு. 650 மீட்டர் என்பது அடிவாரத்துக்கும் உச்சிக்கும் உள்ள உயர வித்தியாசம் மட்டுமே. உச்சிக்கு முன்னால் தடம் இரண்டு ஓடைகளுக்கு இறங்கி மறுபடி ஏறுகிறது. அந்த 250 மீட்டரையும் கால்கள்தானே ஏற வேண்டும்? மொத்த ஏற்றம் 900 மீட்டர். அப்படியானால் 4 மணி 18 நிமிடம் ஆகும். அதுவும் நல்ல பாதையில், உடல் வலுவுள்ளவர் எங்கும் நிற்காமல் நடந்தால்.

வேரும் வழுக்குப் பாறையும் நிறைந்த ஒற்றையடித் தடத்தில், புதியவர்களும் உள்ள குழுவுக்கு அதோடு பாதியாவது கூட்ட வேண்டும். ஏறத்தாழ ஆறரை மணி நேரம். சாப்பாட்டுக்கு அரை மணி சேர்த்தால் ஏழு. காலை 10 மணிக்குக் கிளம்பினால், எந்தச் சிக்கலும் வராவிட்டாலும் மாலை 5 மணி. அடர்ந்த மரக்கூரையின் கீழ், மேற்கே மலை மறைக்கும் பள்ளத்தாக்கில், சூரியன் மறைவதற்கு முன்பே தரை கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. கால் தளர்ந்து இறங்கும் நேரமும் அதுதான். கொண்டுவர வேண்டிய பொருள்களின் பட்டியலிலோ ஹெட்லாம்ப் (தலையில் மாட்டும் விளக்கு) இல்லை.

தண்ணீர் அளவும் இதேபோல் தவறான கணக்குதான். மிதமான வெயிலில் மணிக்கு அரை லிட்டர் என்று வைத்தாலே உங்கள் 4 மணி நேரத்துக்கு 2 லிட்டர் வேண்டும், உண்மையான நேரத்துக்கு மூன்றரை. நீங்கள் எழுதியது 1 லிட்டர். ஓடைநீரைச் சுத்திகரிக்க வழிகாட்டியிடம் வடிகட்டியோ மாத்திரையோ இல்லை.

வழிகாட்டி ஒருவரே, அவரும் முன்னால் மட்டும். இதில் ஒரு கெடுதல் உண்டு. முன்னே போனவர்கள் உட்கார்ந்து இளைப்பாறுகிறார்கள். பின்தங்கியவர்கள் வந்து சேர்ந்ததும் குழு கிளம்பிவிடுகிறது. யாருக்கு ஓய்வு அதிகம் தேவையோ அவர்களுக்குத்தான் அது கிடைப்பதே இல்லை. கடைசி ஆள் வந்த பிறகே ஓய்வு நேரத்தை எண்ணத் தொடங்க வேண்டும். மெதுவாக நடப்பவரை வழிகாட்டிக்கு அடுத்து நடக்கவிட்டு, கடைசியில் இன்னொரு வழிகாட்டி வர வேண்டும்.

எத்தனை மணிக்குள் உச்சியை எட்டாவிட்டால் வந்த வழியே திரும்புவது என்ற வரம்பும் வைக்கப்படவில்லை. புறப்படும் முன்பே அதை எல்லோருக்கும் சொல்லியிருக்க வேண்டும். களைப்பிலும் ஆசையிலும் மேலே நின்றுகொண்டு எடுக்கிற முடிவு பெரும்பாலும் தப்பாகவே இருக்கும்.

தடம் மிக அழகானது, அதனால்தான் இவ்வளவு எழுதுகிறோம். முகட்டில் மேகம் விலகி அடுத்தடுத்த மலைவரிசைகள் தெரிய அரை மணியாவது காத்திருக்க வேண்டும். உங்கள் அட்டவணை அங்கே ஒதுக்கியது 10 நிமிடம்.

அடுத்த குழு கிளம்பும் முன் புறப்பாட்டைக் காலை 7 மணிக்கு மாற்றுங்கள். மொத்த ஏற்றம், நேரம், தண்ணீர் அளவு, ஹெட்லாம்ப் ஆகியவற்றைக் கையேட்டில் திருத்துங்கள். இரண்டாவது வழிகாட்டியை நியமியுங்கள். கட்டணத்தில் பாதியைத் திருப்பித் தருவது பற்றி 15 நாட்களுக்குள் எழுத்துமூலம் பதில் வேண்டும்.

இப்படிக்கு,
அன்றைய நடையில் பங்கேற்றோர்