நான்கு ஏன் ஆகாது என்பதையும் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு மலரில் வந்த ஃபெங் சுயி (சீனர்களின் வாஸ்து) கட்டுரையை இரண்டு முறை படித்தேன். 8 வந்தால் பணம் வரும், 4 வந்தால் கெடுதல், வீட்டில் சிவப்பு வையுங்கள், கறுப்பு ஆகாது, நம்முடைய பஞ்சபூதம்தான் அவர்களுடைய ஐந்து மூலகம் என்று வரிசையாகப் போட்டிருந்தீர்கள். ஏன் என்று ஒரு வரிகூட இல்லை. கடைசியாகச் சொன்னது தவறும்கூட. மலேசியாவின் பினாங்கில் சீனக் குடும்பங்களுக்கு நடுவில் வளர்ந்து, 22 வருடமாக ஓர் அச்சகத்தில் கல்யாண அட்டையும் சீனர்கள் பணம் வைத்துக் கொடுக்கும் அங்பாவ் என்ற சிவப்பு உறையும் அச்சடிக்கிறவள் நான். மனசு கேட்காமல்தான் எழுதுகிறேன்.

எண் விஷயம் முழுக்க முழுக்கக் காது சம்பந்தப்பட்டது. கண்டோனீஸ் என்ற சீன மொழியில் நான்கும் ‘ஸெய்’, சாவும் ‘ஸெய்’. ராகம் மட்டும்தான் மாறும். எட்டு ‘பாட்’, செழிப்பு ‘ஃபாட்’. ஒன்பதும் ‘நெடுங்காலம்’ என்ற சொல்லும் ஒரே ஒலி. 14 என்றால் ‘கட்டாயம் சாவு’ என்பது போலக் காதில் விழும். இங்கே எத்தனையோ அடுக்குமாடிகளில் லிஃப்டில் 4-க்குப் பதில் 3ஏ, 14-க்குப் பதில் 13ஏ என்று பொத்தான் இருப்பது இதனால்தான். 2003-ல் சிச்சுவான் ஏர்லைன்ஸ் 8888 8888 என்ற தொலைபேசி எண்ணை 23 லட்சம் யுவானுக்கு மேல் கொடுத்து ஏலத்தில் எடுத்தது. பெய்ஜிங் ஒலிம்பிக்ஸை 2008-ம் ஆண்டு 8-ம் மாதம் 8-ம் தேதி இரவு 8 மணிக்குத் தொடங்கினார்கள். ஆனால் பினாங்கில் அதிகம் பேசும் ஹொக்கியன் என்ற இன்னொரு சீன மொழியில் எட்டுக்கும் ‘ஹுவாட்’ என்ற செழிப்புக்கும் ஒலியில் ஒட்டே இல்லை. பக்கத்து மொழியில் பிறந்த ராசியை அவர்களும் எடுத்துக்கொண்டார்கள்.

கட்டுரையில் விட்டுப்போன இன்னொன்றும் உண்டு. திசைகாட்டி வைத்துக் கணக்குப் போடும் ஃபெங் சுயியில் நான்கு கெட்ட எண்ணே இல்லை. லோ ஷு என்ற ஒன்பது கட்டத்தில் 1 முதல் 9 வரை எண்கள் இருக்கும். எந்தப் பக்கம் கூட்டினாலும் 15 வரும். அந்த முறையில் எண்களை நட்சத்திரம் என்பார்கள்; 4 படிப்புக்கும் எழுத்துக்கும் உரிய நட்சத்திரம். அது விழுகிற மூலையைப் பார்த்துப் பிள்ளையின் மேசையைப் போடும் பெற்றோர் இருக்கிறார்கள். அங்கே பயப்படுவது 5-க்குத்தான். ஒவ்வோர் எண்ணுக்கும் 20 ஆண்டு ஆட்சி உண்டு; 8-ன் ஆட்சி 2004 முதல் 2023 வரைதான். 2024-லிருந்து 2043 வரை 9-ன் காலம். ஆக, 4-ஐக் கண்டு ஒதுங்குவது பேச்சுமொழியிலிருந்து வந்த பழக்கம், ஃபெங் சுயி கணக்கு வேறு. இரண்டையும் ஒரே பானையில் போட்டுக் கிண்டினால் படிக்கிறவருக்கு என்ன விளங்கும்?

அப்புறம் பஞ்சபூதம். சீனர்களின் ஐந்து: மரம், நெருப்பு, மண், உலோகம், நீர். காற்றும் ஆகாயமும் அதில் கிடையாது. நம் கணக்கில் மரமும் உலோகமும் கிடையாது. இந்த ஐந்துக்கும் அவர்கள் வைத்த ‘வூ ஷிங்’ என்ற பெயரில் உள்ள ‘ஷிங்’ நடப்பதை, நகர்வதைக் குறிக்கும் சொல். ஒன்று இன்னொன்றாக மாறுவதுதான் இதில் முக்கியம். மரம் எரிந்து நெருப்பாகும், நெருப்பு சாம்பலாகி மண்ணாகும், மண்ணுக்குள் உலோகம் விளையும், குளிர்ந்த உலோகத்தில் நீர் கோக்கும், நீர் மரத்தை வளர்க்கும். அடக்குவதற்குத் தனிச் சுற்று: நீர் நெருப்பை அணைக்கும், நெருப்பு உலோகத்தை உருக்கும், உலோகம் மரத்தை வெட்டும், மரத்தின் வேர் மண்ணைப் பிளக்கும், மண் நீருக்கு அணை போடும்.

நிறமும் இதிலிருந்துதான் வருகிறது. மரத்துக்குப் பச்சை, கிழக்கு, வசந்தம். நெருப்புக்குச் சிவப்பு, தெற்கு, கோடை. உலோகத்துக்கு வெள்ளை, மேற்கு, இலையுதிர்காலம். நீருக்குக் கறுப்பு, வடக்கு, குளிர்காலம். நடுவில் மஞ்சள் மண். பெய்ஜிங்கின் பழைய அரண்மனையில் கூரைகள் பெரும்பாலும் மஞ்சள் ஓடாக இருக்க, புத்தகங்கள் வைத்த வென்யுவான் மாளிகைக்குக் கறுப்பு ஓடு வேய்ந்தார்கள். காகிதத்துக்கு எதிரி தீ. தீயை அடக்குவது நீர், நீரின் நிறம் கறுப்பு. ‘கறுப்பு ஆகாது’ என்று ஒரே வரியில் முடித்த உங்கள் கட்டுரையாளரிடம் இந்தக் கூரையைக் காட்ட வேண்டும் போல இருந்தது.

என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டியின் மகள் கல்யாணத்துக்கு, நம் வழக்கப்படி 101 வெள்ளி (ரிங்கிட்) வைத்துக் கொடுத்தேன். மேலே அந்த ஒரு வெள்ளி இருந்தால்தானே நமக்கு அது மொய்! நான்கு நாள் கழித்து ஆன்ட்டி பிஸ்கட் டின்னோடு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: கல்யாணத்துக்கு இரட்டைப்படைதான் வைப்பார்களாம், நல்லது ஜோடியாக வரவேண்டும் என்று. ஒற்றைப்படை சாவு வீட்டுக்கு, வெள்ளை உறையில். துக்கம் இரண்டாவது முறை வரக்கூடாது என்பதற்காக. “உன் ஊர் வழக்கம் எனக்குத் தெரியும், என் மாமியாருக்குத்தான் தெரியாது” என்றார். அந்த ஒரு வெள்ளியைத் தனியாக எடுத்துப் பர்ஸில் வைத்திருந்தார், செலவழிக்கவில்லை.

இந்த வாரம் ஓர் அம்மா உங்கள் கட்டுரையை வெட்டி எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தார். மகன் சீனப் பெண்ணைக் கட்டுகிறான். விருந்து நேரம் மாலை 4 என்று அட்டையில் போடலாமா, சம்பந்தி வீட்டில் தப்பாக நினைப்பார்களா, அழைப்பிதழில் வெள்ளைப் பூ இருந்தால் பரவாயில்லையா என்று தவித்தார். பெண்ணின் பாட்டியிடமே கேட்டுவிடுங்கள், சந்தோஷப்படுவார் என்று சொல்லி அனுப்பினேன். அட்டையை இன்னும் அச்சுக்குக் கொடுக்கவில்லை.

அடுத்த ஞாயிறு மலரில் பஞ்சபூதம் பற்றிய வரியைத் திருத்திப் போடுங்கள். தொடர் எழுதுவதாக இருந்தால், சீனக் குடும்பத்துப் பெரியவர் ஒருவரை உட்காரவைத்துக் கேட்டு, அந்தந்தச் சொல்லின் ஒலியோடு எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பட்டர்வொர்த், பினாங்கு