மூலிகைத் தண்டு பகிர்வு: ஞாயிறு காலை 7 மணி

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். வீட்டுத்தோட்ட மூலிகைகளைப் பகிர்ந்துகொள்வதற்காக, வரும் ஞாயிற்றுக்கிழமை காலை 7 மணிக்கு மொட்டை மாடியில் கூடுகிறோம்.

1. புதினா, துளசி, கற்பூரவல்லி வளர்ப்போர், கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டிய 10 செ.மீ. தண்டுகளை, அடியிலைகளை நீக்கி, ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவர வேண்டுகிறோம்.

2. அடியில் துளையுள்ள தொட்டிகள் இரண்டு தேவை. புதினா ஓடுதண்டு விட்டுப் பரவி அருகிலுள்ள செடிகளை நெருக்கிவிடும் என்பதால், அதற்குத் தனித்தொட்டி அவசியம்.

3. கற்பூரவல்லிக்கு மேல்மண் காய்ந்த பிறகே நீர் ஊற்றவும். அன்றாடம் ஊற்றியதால் என் செடியின் அடித்தண்டு கறுத்து, விரல் பட்டாலே நசுங்கும் அளவுக்கு அழுகிவிட்டது. அந்த இழப்பு வேறு யாருக்கும் நேரக்கூடாது.

4. துளசியில் பூங்கதிர் தெரிந்ததும் கிள்ளிவிடவும்.

கொண்டுவரும் செடிகளின் பெயர்களை வெள்ளிக்கிழமை இரவு 8 மணிக்குள் இக்குழுவில் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.