ஆண்டறிக்கை 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, உறுப்பினர்களே, வணக்கம்.

சிறைவாசிகளின் குடும்பங்களுக்காக ஈரோட்டில் நடத்திவரும் நமது சங்கத்தின் நிர்வாகக் குழு இந்த ஆண்டு ஆறு முறை கூடியது. செப்டம்பர் 5 அன்று வ.உ.சி. பிறந்த நாளில், கோவைச் சிறையில் அவர் செக்கிழுத்த வரலாற்றைத் துணைத்தலைவர் பேசினார். தீபாவளிக்கு 14 குடும்பங்களுக்கு அரிசியும் துணியும் வழங்கினோம்.

நம் உறுப்பினர்களே நீதிமன்றத்தில் கையெழுத்திட்டுக் கைதிகளுக்கு ஜாமீன் நிற்கும் ஜாமீன்தாரர் திட்டத்தைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்லியாக வேண்டும். சென்ற ஆண்டு நான் இதை முன்மொழிந்தபோது, ஊரார் வம்பு நமக்கு எதற்கு என்று சிலர் கேட்டீர்கள். அதற்கு என் பதில் இதுதான். 2022 இறுதியில் நாட்டுச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நூறு பேர் இருக்க வேண்டிய இடத்தில் 131 பேர். சிறையை நிரப்பியிருப்பவர்களில் பெரும்பாலோர் இன்னும் தீர்ப்பே வராதவர்கள். ஜாமீன் உத்தரவு கிடைத்த பிறகும் கையெழுத்துப் போட இரண்டு ஆள் இல்லாமல் உள்ளேயே இருப்பவர்களும் அவர்களுள் உண்டு.

சித்தோடு பக்கம் தறி ஓட்டிய ஓர் இளைஞர், வெளி மாவட்டத்திலிருந்து பிழைக்க வந்தவர், திருட்டு வழக்கில் உள்ளே போனார். இருநபர் ஜாமீனில் விட உத்தரவானது. நான் வீட்டு வரி ரசீதுடன் காலை பத்து மணிக்கே நீதிமன்றத்தில் நின்றேன். உடன் வருவதாகச் சொன்ன உறுப்பினரின் தொலைபேசி மாலை வரை அணைந்தே இருந்தது. இளைஞரின் மனைவி கைக்குழந்தையுடன் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தார். கணவருக்காகக் கொண்டுவந்த சட்டையை மடியில் வைத்திருந்தவர், ஐந்து மணிக்கு அதை மறுபடி மஞ்சள் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தார். அடுத்து மாரியம்மன் நோம்பி விடுமுறை. அந்த இளைஞர் வெளியே வர மேலும் 11 நாள் ஆயிற்று. அந்த 11 நாளுக்கு நாம்தான் பொறுப்பு.

எல்லாவற்றுக்கும் நானே கையெழுத்திடலாமே என்கிறார்கள். இதுவரை எத்தனை பேருக்கு ஜாமீன் நின்றோம் என்பதைச் சட்டப்படி எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தால் ஏற்கமாட்டார்கள். அதனால்தான் பல கைகள் வேண்டும் என்கிறேன். இந்த ஆண்டு 9 பேரை வெளியே கொண்டுவந்தோம். ஒருவர் மட்டும் ஒரு வாய்தாவுக்கு வரவில்லை. நானே அவர் வீடு தேடிப் போய் அழைத்துவந்தேன். ஜாமீன் நின்ற எவருக்கும் ஒரு ரூபாய்கூட நட்டமில்லை.

சட்டமும் ஓரளவு இறங்கி வந்திருக்கிறது. இதற்கு முன் எந்தக் குற்றத்துக்கும் தண்டிக்கப்படாதவர், அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்குக் காலம் உள்ளே இருந்துவிட்டால், மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றமாக இல்லாதவரை, வேறு ஆள் காட்டாமல் சொந்தப் பிணையில் விட வேண்டும் என்கிறது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479ஆம் பிரிவு. பழைய வழக்குகளுக்கும் இது பொருந்தும் என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் கூறியது. ஜாமீன் கிடைத்து ஒரு மாதமாகியும் ஆள் காட்ட முடியாவிட்டால், நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று நீதிமன்றமே பரிசீலிக்கலாம் என்பதும் அதே நீதிமன்றத்தின் 2023 உத்தரவு. ஏழைக் கைதிகளின் ஜாமீனுக்குப் பணம் தரும் மத்திய அரசுத் திட்டமும் இருக்கிறது. ஆனால் மனு எழுதி, மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு நடந்து, பின்தொடர யாராவது வேண்டும். உள்ளே இருப்பவருக்கு இதெல்லாம் தெரியாது. சிறையில் அவரைப் பார்க்க வரும் தாய்க்கும் தெரியாது.

வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். ஏறக்குறைய சரிக்குச் சரி, கையிருப்பு சொற்பம். பயணச் செலவு கூடுதல் என்று குறை சொன்னவர்களுக்கு: கோவைக்கு ஒவ்வொரு முறையும் பஸ்ஸில்தான் போனேன், டிக்கெட்டுகள் கோப்பில் உள்ளன. 62 உறுப்பினர்களில் சந்தா கட்டியவர்கள் 23 பேர். பொதுக்குழுவுக்கு வராதவர்களின் பெயர்களை இங்கே படிக்க எனக்கு மனமில்லை.

கட்டணம் வாங்காமல் வாதாடிய வழக்கறிஞர்களுக்கும், இடம் தந்த மண்டப உரிமையாளருக்கும், தணிக்கையாளருக்கும் நன்றி.

வரும் ஆண்டும் என்னையே செயலாளராக இருக்கச் சொன்னால் மறுக்கமாட்டேன். ஆனால் தனியாளாக இனி முடியாது. இப்போது இரண்டு பேர் ஜாமீன் உத்தரவு கிடைத்தும் உள்ளே இருக்கிறார்கள். வாசல் மேசையில் படிவம் வைத்திருக்கிறேன். இன்று பெயர் கொடுப்பவர்கள் திங்கட்கிழமை காலை வீட்டு வரி ரசீது, ஆதார், இரண்டு புகைப்படங்களுடன் நீதிமன்றத்துக்கு வந்தால் போதும்.

செயலாளர்