பழைய கசட்டை எறியாதீங்கோ, முதல்ல கடைக்குக் கொண்டு வாங்கோ

எல்லாருக்கும் வணக்கம்.

கொஞ்ச நாளா வெள்ளவத்தை கடைக்கு வாற ஆக்களும் வட்ஸ்அப்ல மெசேஜ் போடுற ஆக்களும் ஒரே கேள்விதான், அந்த ரப்பர் கீ வச்ச ஸ்பெக்ட்ரம் எண்ட பழைய வீட்டுக் கொம்பியூட்டர் திரும்ப வந்திருக்காமே, லண்டன்ல இருக்கிற மச்சான் வாங்கி அனுப்புறன் எண்டுறான், அப்ப வீட்டில கிடக்கிற பழசைக் குடுத்திடவோ எண்டு. அவசரப்படாதீங்கோ, அதுக்குத்தான் இந்த மடல்.

2024 கடைசியில வந்த அந்தப் புது மெஷின் நல்ல சாமான். 1982ல வந்தது மாதிரியே இருக்கும், 48 கேம் உள்ளுக்கயே வருது, எச்டிஎம்ஐ வயரைக் குத்தினாச் சரி. ஆனா உள்ளுக்க பழசின்ர மூளையான இசட்80 சிப் இல்ல, அது செய்த வேலையை எமுலேட்டர், அதாவது பழைய மெஷின் மாதிரியே நடக்கிற சொஃப்ட்வெயர்தான் செய்யுது. கசட் பிளேயர் குத்துற ஓட்டையும் இல்ல, அதால அப்பா பேசிக் எண்ட கொம்பியூட்டர் மொழியில எழுதிக் கசட்டில பதிஞ்சு வச்ச புரோகிராம் அதில நேரா ஏறாது. அந்தக் கசட்டைக் கொண்டு வாங்கோ, அதில இருக்கிற சத்தத்தைக் கொம்பியூட்டருக்குள்ள எடுத்து ஃபைலாக்கி பென் டிரைவில தாறம், புது மெஷின்ல போட்டுப் பாக்கலாம். கேம் கசட் தொலைஞ்சா வேற ஆரிட்டயும் இருக்கும், அப்பா எழுதினது உங்கட வீட்டில மட்டும்தான் இருக்கு.

ஸ்பெக்ட்ரம் எமுலேட்டர் களவோ எண்டும் கேக்கிறீங்க. ஸ்பெக்ட்ரத்தைச் செய்த சின்கிளேயரின்ர கொம்பியூட்டர் உரிமையை 1986ல அம்ஸ்ட்ராட் கொம்பனி வாங்கினது, 1999ல அந்தக் கொம்பனியே ரோமை, அதாவது மெஷினுக்குள்ளயே பதிஞ்சு வாற புரோகிராமை, எமுலேட்டரோட சும்மா குடுக்கலாம் எண்டு சொல்லிட்டுது, அதால பயப்பட ஒண்டுமில்ல. அமிகா எண்ட மற்றப் பழைய கொம்பியூட்டர் அப்பிடி இல்ல, அதின்ர கிக்ஸ்டார்ட் ரோமுக்கு லைசன்ஸ் வேணும், அமிகா ஃபொரெவர் மாதிரி காசு குடுத்து வாங்கிற எமுலேட்டர் தொகுப்போட அது சேர்ந்தே வரும்.

கொமடோர் 64 எண்ட பழைய கொம்பியூட்டர் வச்சிருக்கிறவை இதைக் கட்டாயம் வாசியுங்கோ. ஆசையில பழைய பவர் பேக்கைக் குத்திடாதீங்கோ. அதுக்குள்ள வோல்ட்டைக் கட்டுப்படுத்திற ரெகுலேட்டர் பழுதானா 5 வோல்ட் வர வேண்டிய இடத்தில அதைவிடக் கூடின வோல்ட் வந்து ரேம் சிப் எரிஞ்சு போகும், அப்பிடிப் போன போர்டுகளைக் கையில வச்சுக்கொண்டு எனக்கே மனசு விட்டுப்போன நாள் இருக்கு. மெஷினையும் பேக்கையும் சேர்த்துக் கொண்டு வாங்கோ, அளந்து பாக்கிறதுக்கு நாங்கள் காசு எடுக்கிறதில்ல.

கடல் காத்துக்கும் புழுக்கத்துக்கும் டேப்பில பூஞ்சணம் பிடிக்கும். வெள்ளையாத் தெரிஞ்சா போட்டுப் பாக்காம அப்பிடியே பேப்பரில சுத்தி எடுத்து வாங்கோ.