அப்பாவின் ஆபரேஷன்

கண்ணு,

போனில் ஹெர்னியாவுக்கு, அதுதான் குடலிறக்கத்துக்கு, சின்ன ஆபரேஷன் என்று மட்டும்தான் சொன்னேன். அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார், வேறு என்ன சொல்வது? இப்போது முழுசாக எழுதுகிறேன்.

வலது தொடை இடுக்கில் அவருக்கு 3 வருஷமாக வீக்கம். காப்பி மூட்டை தூக்கினால் புடைக்கும், படுத்தால் உள்ளே போய்விடும். வேட்டிக்குள் பெல்ட் கட்டிச் சமாளித்திருக்கிறார். எனக்கே இந்தப் பழம் பறிப்புக்குத்தான் தெரிய வந்தது. "பறிப்பு முடியட்டும்" என்றார், நானும் விட்டுவிட்டேன். அதை நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது.

அன்று ராத்திரி அது உள்ளே போகவே இல்லை. கல் மாதிரி இறுகி, தொட்டால் சுட்டது. இரண்டு தடவை வாந்தி. விடியட்டும் என்று இருக்கப் பயந்து, எதிர்வீட்டு ஜீப்பில் சேலத்துக்கு இறங்கினோம். ஏற்காட்டு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவிலும் என் கையை விடவில்லை மனுஷன்.

குடல் மாட்டியிருக்கும் என்றுதான் டாக்டர் நினைத்தார். திறந்து பார்த்தால் வெளியே பிதுங்கியிருந்த ஹெர்னியா பைக்குள் இருந்தது குடல்வால் (அப்பெண்டிக்ஸ்), அதுவும் சீழ் பிடித்து! 100 ஹெர்னியாவில் ஒன்றில்தான் குடல்வால் இப்படி இறங்குமாம்; அது பழுத்தும் போவது அதைவிட அபூர்வமாம். 1735ல் லண்டனில் கிளாடியஸ் அமியாண்ட் என்ற டாக்டர், 11 வயதுப் பையனுக்கு இதே மாதிரி இறங்கியிருந்த குடல்வாலை வெட்டி எடுத்தாராம். பையன் விழுங்கிய குண்டூசி அதைக் குத்தி ஓட்டை போட்டிருந்தது. மயக்க மருந்தே இல்லாத காலம். அந்தப் பிள்ளை பிழைத்துக்கொண்டான் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

நீ வலை (இறங்கிய இடம் பலமாக இருக்க உள்ளே வைத்துத் தைக்கிற மெஷ்) வைத்தார்களா என்று கேட்டாய். வைக்கவில்லை. குடல்வால் நல்லபடியாக இருந்திருந்தால் உள்ளே தள்ளிவிட்டு வலை வைத்திருப்பார்களாம். சீழ் இருக்கிற இடத்தில் வைத்தால் கிருமி வலையிலேயே தங்கிவிடும். அதனால் குடல்வாலை எடுத்துவிட்டு, தசையை மட்டும் இழுத்துத் தைத்திருக்கிறார்கள். வலை இல்லாததால் திரும்ப இறங்க வாய்ப்பு கொஞ்சம் அதிகம். 3 மாதத்துக்குப் பாரம் தூக்கக் கூடாது, முக்கக் கூடாது, இருமல் வந்தால் உடனே காட்ட வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்.

காயம் நன்றாக ஆறிவிட்டது, தையலும் பிரித்தாயிற்று. ஆனால் நேற்று நான் குளித்துவிட்டு வருவதற்குள் மிளகுச் சாக்கை நகர்த்திக்கொண்டிருந்தார். நான் சொன்னால் தலையாட்டுவார், கேட்க மாட்டார். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது நீ சொல்லு சாமி. நான் எழுதியதாகச் சொன்னாலும் சரி.

அம்மா