வாழையை உருவிய வந்தியத்தேவன்: பதிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

'பொன்னியின் செல்வ'னை அச்சிட்டு விற்கும் பதிப்பாளர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கல்கியின் எழுத்துகள் 1999இல் நாட்டுடைமை ஆன பிறகு நிலைமை எப்படி ஆயிற்று என்று நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. யார் வேண்டுமானாலும் போடலாம், போடுகிறீர்கள். குண்டு அட்டை, ஐந்து பாகமும் ஒரே புத்தகம், கல்யாணப் பரிசுப் பதிப்பு என்று விதவிதமாக வருகிறது. 2022இல் படம் வந்தபோது இன்னும் பெருகியது. சந்தோஷம்தான். நான் கேட்பது ஒன்றே ஒன்று: அச்சுக்கு அனுப்பும் முன் ஒரு மனிதர் அதை முழுக்க ஒருமுறை வாசித்துப் பார்க்கட்டும்.

என் அம்மாவுக்கு 76 வயது. சர்க்கரையால் ஒரு கண் போய்விட்டது, மற்றதில் நிழல்தான் தெரியும். எங்கள் வீட்டில் தாத்தா கல்கி இதழிலிருந்து வாராவாரம் கிழித்துச் சேர்த்துத் தைத்த பைண்டு புத்தகம் இருந்தது. கரையான் தின்றுவிட்டது. "மறுபடியும் ஒரு தடவை கேட்டுட்டாப் போதும்" என்றாள். போன ஜனவரியில் ஐந்து பாகத்தையும் வாங்கினேன். தினமும் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு அத்தியாயம், நான் வாசிக்க அவள் கேட்க வேண்டும் என்று ஏற்பாடு.

எனக்கு ஐம்பது வயதாகிறது, இதுவரை படித்ததில்லை. புத்தகத்தின் பெயர் பின்னாளில் ராஜராஜ சோழனான அருள்மொழிவர்மனைக் குறிப்பதால், அவர்தான் நாயகன் என்று நினைத்திருந்தேன். அவர் நேரில் வருவதற்கே இரண்டாம் பாகம் ஆகிறது. அதற்குள் ஆடிப் பதினெட்டில் வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையோடு வந்த வாலிபன் வந்தியத்தேவன் வீட்டையே பிடித்துக்கொண்டான். ராஜ்ஜியம் கிடையாது, மூதாதைகளின் பெருமை மட்டும் உண்டு. வாய் சும்மா இருக்காது. போகிற இடமெல்லாம் ஒரு பொய், ஒரு வம்பு. ஜோதிடர் வீட்டில் அனுமதி இல்லாமல் நுழைந்து சோழ இளவரசி குந்தவையைப் பார்த்துவிட்டு, வந்த வேலையே மறந்ததுபோல் நிற்கிறான். அம்மாவுக்கு அவன் மேல் தனிப் பிரியம். "இந்தப் பய வாயை மூடினா பாதிக் கதை நடக்காது" என்பாள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் குந்தவையார் வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவியார் என்று குறிக்கப்படுகிறார். கல்லில் கிடைத்தது கொஞ்சம்தான். மிச்ச ஆளைக் கல்கி உண்டாக்கினார், 1950லிருந்து மூன்றரை வருடம், வாரந்தோறும்.

அந்த ஆளை நீங்கள் என்ன பாடு படுத்தியிருக்கிறீர்கள் தெரியுமா? முதல் பாகத்திலேயே அவன் "வாழையை உருவினான்". அம்மா சிரித்தாள். "பசியா இருக்கும், பாவம்" என்றாள். அப்புறம் தஞ்சைக் கோட்டையில் "காதலர்கள்" அவனைத் துரத்திக்கொண்டு ஓடினார்கள். அதற்கும் சிரித்தோம். மூன்றாம் பாகத்தில் ஒரு பக்கம் விட்டு ஒரு பக்கம் இப்படி வரவே, சிரிப்பு நின்றுவிட்டது. வாசிக்கும்போதே நான் மனதுக்குள் திருத்திக்கொண்டு போகவேண்டியதாயிற்று.

அடுத்த வீட்டில் வேறு ஒரு பதிப்பகத்தின் பிரதி இருந்தது, முதல் மூன்று பாகம் மட்டும் (மற்றவை இரவல் போனவை, திரும்பவில்லை). வாங்கிப் பார்த்தேன். அங்கேயும் அதே வாழை, அதே காதலர்கள். வேறு அட்டை, வேறு விலை, பிழை மட்டும் ஒன்று. ஒருவர் கோப்பை ஒருவர் எடுத்துப் போட்டுக்கொள்கிறீர்கள் என்பதைத் தவிர இதற்கு வேறு என்ன அர்த்தம்? கதையில் சோழர்களைப் பழிவாங்கக் கூடிச் சபதம் எடுக்கும் ஆபத்துதவிகள்கூட இவ்வளவு ஒற்றுமையாக இருந்திருக்க மாட்டார்கள்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டோம். பொறுக்க முடியாதது ஐந்தாம் பாகத்தில் நடந்தது. 91 அத்தியாயம் உள்ள பாகம் அது. பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலன் கொலையுண்டு, பழி வந்தியத்தேவன் மேல் விழுந்து, அவன் பாதாளச் சிறையில் கிடக்கிறான். பக்கத்து அறையில் ஒரு பைத்தியக்காரன். பக்கத்தைப் புரட்டினேன். முன்னால் வாசித்து முடித்த 16 பக்கம் மறுபடியும் வந்தது. ஒரு ஃபாரம் (ஒன்றாக அச்சடித்து மடிக்கும் பக்கங்களின் கட்டு) இரண்டு தடவை சேர்ந்து, அடுத்த ஃபாரம் காணாமல் போயிருக்கிறது. நான் நிறுத்தியதும் அம்மா, "ஏன் நிறுத்திட்டே? வைத்தியர் மகன் வருவானே, பினாகபாணி" என்றாள். பக்கம் இல்லை என்றேன். சரி, நானே சொல்கிறேன் என்று ஆரம்பித்தாள். பினாகபாணி வரைக்கும் வந்தாள். "அப்புறம்... அவனை..." என்று நின்றுவிட்டாள். கொஞ்ச நேரம் விரல்களைப் பிசைந்துகொண்டிருந்தாள். "மறந்துபோச்சே" என்றாள். அன்றைக்கு அவள் முகத்தை நான் பார்த்திருக்க வேண்டாம்.

பதிப்பகத்துக்குப் போன் செய்தேன். ரசீது இருந்தால் மாற்றித் தருவதாகச் சொன்னார்கள். ரசீது இருந்தது. மாற்றியும் தந்தார்கள். புதுப் பிரதியிலும் அதே 16 பக்கம் இல்லை.

இணையத்தில் இருக்கிறதே என்பீர்கள். ஆமாம், கைபேசியில், தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்தின் பிரதியைத் திறந்துதான் அவனைச் சிறையிலிருந்து மீட்டோம். அது சம்பளம் வாங்காத தன்னார்வலர்களின் உழைப்பு. நான் காசு கொடுத்து வாங்கியது உங்களுடையதை. நாட்டுடைமை என்றால் நாட்டுக்குச் சொந்தம் என்றுதான் நானும் நினைத்தேன். கேட்பார் இல்லாதது என்று நீங்கள் அர்த்தம் எடுத்துக்கொண்டீர்கள் போலிருக்கிறது. அட்டைக்குப் பளபளப்பு, எழுத்துக்குப் பொன்முலாம், உள்ளே வாழை! புதுமைப்பித்தனும் பாரதிதாசனும் உங்கள் கையில் என்ன ஆகியிருக்கிறார்களோ. பயந்துகொண்டே அந்தப் பக்கம் போகவில்லை.

கோபத்தில் கொஞ்சம் கூடுதலாகப் பேசிவிட்டேன், மன்னிக்கவும். கேட்க வந்தது அதே ஒன்றுதான். அடுத்த பதிப்பை அச்சுக்கு அனுப்பும் முன் தயவுசெய்து ஒருமுறை, ஒரே ஒருமுறை, யாராவது உட்கார்ந்து மெய்ப்புப் பாருங்கள். பைண்டிங் முடிந்ததும் ஒரு பிரதியையாவது எடுத்துப் பக்க எண்களைச் சரிபாருங்கள்.

ஆள் கிடைக்கவில்லை என்றால் எனக்கு எழுதுங்கள். அம்மாவுக்குக் கண்தான் போயிற்று, காது கூர்மை. நான் வாசிக்கிறேன், அவள் திருத்துவாள். சம்பளம் வேண்டாம். ஒரு பிரதி கொடுத்தால் போதும், எல்லாப் பக்கங்களோடும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்களில் ஒருத்தி