செட்டிநாட்டு வீடுகளை விடுதியாக்கி நடத்துவோருக்கு

மதிப்புக்குரிய உரிமையாளர்களுக்கும் மேலாளர்களுக்கும்,

காரைக்குடி, கானாடுகாத்தான், கொத்தமங்கலம், கடியாபட்டி என்று உங்கள் விடுதிகள் பெருகிவிட்டன. "ஒரு ராத்திரிக்கு இவ்வளவா? கொடுக்கிற காசுக்குத் தகுமா?" என்று என்னிடம் கேட்காத சொந்தக்காரர் இல்லை. தகும் என்றுதான் இதுவரை சொல்லிவருகிறேன். இனியும் அப்படியே சொல்ல ஆசை. அதற்காகத்தான் இந்த மடல்.

முதலில் உங்கள் பக்க நியாயம். நீங்கள் எடுத்து நடத்தாவிட்டால் இவற்றில் சில வீடுகள் இந்நேரம் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் தூண் தூணாக, நிலை நிலையாக விலைபோயிருக்கும். 1942இல் ஜப்பான் படை பர்மாவுக்குள் நுழைந்ததும், இந்த வீடுகளைக் கட்டிய செட்டியார்கள் 'கொண்டுவிக்க' (கடல் கடந்து தொழில் செய்ய) போன இடத்துச் சம்பாத்தியம் ஆட்டம் கண்டது. மிஞ்சிய வீடுகள் பங்காளிகள் கையில் பாகம் பாகமாகப் பிரிந்து பூட்டிக் கிடந்தன. கல்யாணத்துக்கும், முன்னோரைக் கும்பிடும் படைப்புக்கும் திறப்பார்கள், பிறகு சாவி பழையபடி இடுப்புக்குப் போய்விடும். அத்தனை பங்காளிகளிடமும் கையெழுத்து வாங்குவதே பெரும்பாடு. அதற்கு மேல், மழைக்கு முன் ஓடு மாற்ற வேண்டும். முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சுண்ணாம்புப் பூச்சு தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடிக்க வேண்டும். ஆகவே வாடகை கூடுதலாக இருப்பதில் எனக்கு வருத்தமில்லை.

அந்த வாடகைக்கு நீங்கள் எதை விற்கிறீர்கள் என்பதில்தான் வருத்தம். கட்டணம் போடுவது அறைக்கு. இந்த வீடுகளைக் கட்டியவர்களோ அறையை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. வளவை, அதாவது வீட்டின் நடு முற்றத்தை, சுற்றி வரிசையாக இருப்பவை, கல்யாணமான மகன் ஒவ்வொருவனுக்கும் ஒன்று என்று ஒதுக்கியவை. சீர் சாமானும் இரும்புப் பெட்டியும் வைத்துப் பூட்டுகிற அளவுக்குத்தான் இருக்கும். வாழ்ந்ததெல்லாம் வளவில். சமைத்ததைச் சாப்பிட்டது, வற்றல் காயப்போட்டது, பந்தி நடந்தது, ராத்திரி பாய் விரித்தது எல்லாம் அங்கேதான். மழை பெய்தால் நாலு பக்கத்து ஓட்டுத் தண்ணீரும் நடுவே வந்து விழும். அண்டா வைத்துப் பிடிப்பார்கள். நீங்கள் செய்வது என்ன? இரண்டு அறைக்கு நடுவிலுள்ள சுவரை இடிக்கிறீர்கள், கண்ணாடித் தடுப்புப் போட்டுக் குளியல் தொட்டி பதிக்கிறீர்கள். வளவில் சோபாவைப் போட்டு, ஸ்பீக்கரில் புல்லாங்குழல் விடுகிறீர்கள். குளியல் தொட்டி சென்னையிலும் கிடைக்கும், துபாயிலும் கிடைக்கும். வளவுக்கு நான் எங்கே போவேன்?

ஒரு விடுதியில் (பெயர் வேண்டாம்) வளவுத் தரை முழுக்கச் சிவப்புக் கம்பளம். பூட்ஸ் காலோடு வருகிறவர்கள் வழுக்கி விழக்கூடாதாம். ஓரத்தைக் காலால் தள்ளிப் பார்த்தால் கீழே ஆத்தங்குடிக் கல், பச்சையில் மஞ்சள் பூ. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, வர்ணச் சிமெண்டைக் கையால் ஊற்றி, அதன் முதுகில் மணலும் சிமெண்டும் போட்டு, தண்ணீரில் ஊறப்போட்டு எடுக்கிற கல் அது. சூளையைப் பார்த்ததே இல்லை. வெறுங்கால் பட்டுப் பட்டுத்தான் மெருகேறும். நான் பார்த்த கல்லில் கம்பளத்தின் பசைக்கறை இருந்தது. வாசலில் "செருப்பைக் கழற்றிவிட்டு வரவும்" என்று ஒரு பலகை வைத்தால் முடிகிற காரியம்.

சாப்பாட்டில் இவ்வளவு குறை இல்லை. காரைக்குடி 'பங்களா' விடுதியில் இலை போட்டுப் பரிமாறுகிறார்கள். அதற்காகவே வெளியூரிலிருந்து வருகிறவர்கள் உண்டு. மற்றவர்கள் ஏன் காலையில் ரொட்டியையும் சாசேஜையும் சூடேற்றி வைக்கிறீர்கள் என்பதுதான் புரியவில்லை. வெள்ளைப் பணியாரம், கந்தரப்பம், கவுனி அரிசி இனிப்பு, அரிசி களைந்த தண்ணீரில் வைக்கிற வெண்டைக்காய் மண்டி இதெல்லாம் உங்கள் அடுப்படியில் பிறந்தவை. உள்ளூர்ச் சமையல்கார அம்மா ஒருவரிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, விளம்பரத்தில் 'அரண்மனை' என்று போடாதீர்கள். கானாடுகாத்தானில் ராஜா வீடு ஒன்றுதான். மற்றவை பேரேடும் கணக்குப்பிள்ளையும் நடமாடிய வியாபாரி வீடுகள், அதில் ஒரு குறைவும் இல்லை. அதே ஊரில் 'விசாலம்' ஒரு தகப்பனார் மூத்த மகளுக்காகக் கட்டிய வீடு. மகனுக்கே வீடு என்றிருந்த ஊரில் அது அபூர்வம். அதைத் தெரிந்துகொண்டு படியேறுகிறவருக்கு அரண்மனை என்ற பொய் எதற்கு?

கடைசியாகக் கணக்கு. 2025 செப்டம்பர் 22 முதல் 7,500 ரூபாய் வரையான அறைக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதைத் தாண்டினால் 18. நீங்கள் 8,000 என்று எழுதும் அறைக்கு நான் எண்ணி வைப்பது 9,440. அதையே 7,500 ஆக்கினால் 7,875. நீங்கள் 500 விட்டுக்கொடுத்தால் எனக்கு 1,565 மிச்சம். 5 சதவீதத்தில் உள்ளீட்டு வரிக் கழிவு (விடுதிக்கு வாங்கியவற்றுக்கு நீங்கள் கட்டிய வரியைக் கழித்துக்கொள்வது) கிடையாது என்பீர்கள். தெரியும். அதனால் எல்லா அறைகளுக்கும் கேட்கவில்லை, எல்லையை ஒட்டி நிற்கிற அறைகளுக்கு மட்டும் ஒருமுறை கூட்டிக் கழித்துப் பாருங்கள் என்கிறேன். எதுவாக இருந்தாலும், போனில் விலை கேட்கும்போதே வரியோடு சேர்த்துச் சொல்லுங்கள். அறையைக் காலி செய்யும் நேரத்தில் பில்லைப் பார்த்துத் திடுக்கிடுவது நன்றாக இல்லை.

வருகிற தை மாதம் குடும்பத்தோடு வருவதாக இருக்கிறோம். அம்மாவுக்குக் கட்டில், ஏசி எதுவும் வேண்டாமாம், வளவில் ஒரு பாய் போதும் என்கிறார். அதற்கு என்ன கட்டணம் என்று உங்களில் யாராவது எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் வாடிக்கையாளர்களில் ஒருவர்